தூங்கும் பாட்டுப் பெட்டியை அவசரப்பட்டு எழுப்பாதீர்கள்

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மலேசியாவில் பலருக்கும் 1911 முதல் இங்கே இயங்கிவரும் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ரப்பர் மரங்களும், லயத்து வீட்டின் முன்னறையில் அப்பா வைத்திருந்த ரெக்கார்டு பிளேயரும் நினைவுக்கு வரும். தவணை முறையில் ஈப்போவில் வாங்கிய பெட்டி அது. தோட்டத்தில் மாலை ஆறரை மணிக்கு மின் இயந்திரம் ஓடத் தொடங்கும்; இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தில் எத்தனை இசைத்தட்டுகள் போட முடியுமோ, அத்தனையும் போடுவார் அப்பா.

தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு கேசட் வந்தது, பிறகு சிடி வந்தது. பாட்டுப் பெட்டி மாடியறையில் தகரக் கூரைக்குக் கீழே, பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு இருபது வருடங்களுக்கு மேல் தூங்கியது. அப்பா இறந்த மறு ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், “அப்பாவோட பெட்டிய ஒரு தடவ போடேன்பா” என்றார் அம்மா. நான் தூசியைத் துடைத்தேன், பிளக்கைச் சொருகினேன், சுவிட்சைத் தட்டினேன்.

முதலில் ‘ம்ம்ம்’ என்று ஒரு பெரிய இரைச்சல். தட்டு சுற்றத் தொடங்கியது. அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பெட்டியின் பின்புறத்திலிருந்து வெள்ளைப் புகை, மூக்கை எரிக்கும் நாற்றம். பிளக்கைப் பிடுங்கினேன். வீட்டு மின்பெட்டியில் எந்த சுவிட்சும் விழவில்லை. நான் பக்கத்தில் இல்லாமல் சமையலறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

ஈப்போவில் ஐம்பது வருடமாக வானொலி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து பார்த்தவர், “இருபது வருஷம் படுத்துக் கெடந்த மனுசன எழுப்பி ஒடனே ஓடச் சொன்னா விழத்தான் செய்வான். இதுவும் அப்படித்தான் தம்பி” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி தூங்கிக்கொண்டிருந்தால், பிளக்கைச் சொருகுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாவி கொடுத்தது ஓடுகிறது, கரண்டில் ஓடியது ஓடவில்லை

1877-இல் எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியைச் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 1903-இல் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் சிங்கப்பூருக்கே வந்து இந்த வட்டாரத்துப் பாடல்களைப் பதிந்தார். அந்தக் காலத்துக் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் எஃகுச் சுருள் இறுகும். அது தளரும்போது தட்டு சுற்றும். ஊசியின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும்; புனல் அந்த ஒலியைப் பெருக்கும். நூறு வயதான கிராமபோன்களுக்கு எண்ணெய் விட்டுச் சாவி கொடுத்தால் பல இன்றும் பாடும்.

அதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகள் பின்னால் வந்த மின்சாரப் பெட்டி மட்டும் ஏன் புகைகிறது? கிராமபோனுக்குள் இருப்பதெல்லாம் உலோகமும் மரமும். மின்சாரப் பெட்டிக்குள் ஈரமான ஒரு பாகம் இருக்கிறது. காலம் போகப் போக அது காய்கிறது. அந்தப் பாகம் இருக்கும் இடம், பவர் சப்ளை என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்வழங்கிப் பகுதி.

பேராக்கில் மின்சாரம் புதிதல்ல. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டரோ அணை 1930-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆனால் கம்பிகள் முதலில் தேடிப் போனது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களையும் நகரங்களையும்தான். பல தோட்டங்கள் நீண்ட காலம் சொந்த டீசல் இயந்திரத்தையே நம்பியிருந்தன. அதுகூட இல்லாத இடங்களில் டார்ச்சு விளக்கின் பெரிய பேட்டரிகளைப் போட்டு ஓடும் சிறிய பிளேயர்கள் இருந்தன. இப்படி ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு வகை மின்சாரத்தைத் தின்று வளர்ந்தது. பழுதுபார்க்கும்போது இந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி

எங்கள் பெட்டி 1970-களின் டிரான்சிஸ்டர் வகை. சுவரிலிருந்து வரும் 240 வோல்ட் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி நேராகத் தட்டைச் சுற்றும் மோட்டாருக்குப் போகிறது. இன்னொரு வழி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் இருபது வோல்ட் அளவுக்கு இறங்குகிறது.

சுவர் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் திசை மாறுகிறது. இதை மாறுதிசை மின்னோட்டம் என்கிறோம். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம் வேண்டும். எனவே நான்கு டையோடுகளைப் பாலம்போல் இணைத்து எல்லாத் துடிப்புகளையும் ஒரே பக்கம் திருப்புகிறார்கள். இப்போது நொடிக்கு 100 துடிப்புகள். திசை சரியாகிவிட்டது, ஆனால் ஓட்டம் சீராக இல்லை, விட்டு விட்டு வருகிறது.

தோட்டத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் ஒரு தொட்டி கட்டி நிரப்பி வைத்துக்கொண்டால், குழாய் நின்றிருக்கும் நேரத்திலும் வீட்டுக்குத் தண்ணீர் சீராக வரும். மின்வழங்கியில் அந்தத் தொட்டிதான் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி. விரல் அளவு அலுமினிய உருளை. துடிப்பு வரும்போது நிரம்பும், துடிப்பு இறங்கும்போது தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பெட்டி அரை ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகவும், தொட்டியின் கொள்ளளவு 2,200 மைக்ரோஃபாரட் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நூறில் ஒரு நொடி. அதற்குள் மின்னழுத்தம் சுமார் இரண்டேகால் வோல்ட் இறங்கும். இருபத்தைந்து வோல்ட்டில் இது தாங்கக்கூடியதே. தொட்டி காய்ந்து கொள்ளளவு கால்வாசியாகிவிட்டால், அதே கணக்கில் இறக்கம் ஒன்பது வோல்ட்! நொடிக்கு நூறு முறை இப்படி ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்கும். நான் கேட்ட அந்த ‘ம்ம்ம்’ அதுதான்.

இந்த இரைச்சலைக் கேட்டே அனுபவசாலிகள் நோயைச் சொல்லிவிடுவார்கள். 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் மின்தேக்கி காய்ந்திருக்கலாம். அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில் முனகினால், பாலத்தில் ஒரு டையோடு அறுந்து பாதித் துடிப்புகள் வராமல் போயிருக்கலாம். அல்லது ஊசியிலிருந்து வரும் கம்பியின் தரைத் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். இரண்டையும் பிரித்துக் கேட்கக் கருவி தேவையில்லை. தம்பூரா சுருதியைக் கேட்டுப் பழகிய காது போதும்.

ஈரம் ஏன் காய்கிறது?

இவ்வளவு சிறிய உருளைக்குள் இவ்வளவு பெரிய கொள்ளளவு எப்படி வந்தது? உள்ளே அலுமினியத் தாள் ஒன்று பாய்போல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படலம். இரண்டு மின்முனைகளையும் பிரிக்கும் சுவர் இந்தப் படலம்தான். ஒரு வோல்ட்டைத் தாங்க ஒரு நானோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன் போதும். முப்பது, நாற்பது வோல்ட் தாங்கும் மின்தேக்கியில் இந்தச் சுவர் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவர் எவ்வளவு மெல்லியதோ, கொள்ளளவு அவ்வளவு அதிகம்.

தாள்களுக்கு இடையே மின்பகுதிரவத்தில் நனைத்த காகிதம் இருக்கிறது. அந்த ஈரம்தான் மின்தேக்கியின் உயிர். உருளையின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பின் வழியே அது ஆண்டுக் கணக்கில் ஆவியாகிப் போகிறது. வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகப் போகும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி. 85 டிகிரியில் 1,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி 45 டிகிரியில் 16,000 மணி நேரம் வரும். தினமும் மூன்று மணி நேரம் பாடினால் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள். பெட்டிக்குள் 55 டிகிரி ஆகிவிட்டால் ஏழு ஆண்டுகள்தான். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இப்போது புரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்தேக்கி ஓய்வெடுக்கும்போதும் கெடும். மின்னழுத்தம் இருக்கும்வரை அந்த ஆக்சைடு சுவரில் ஏற்படும் சிறு ஓட்டைகள் தாமாகவே அடைபடுகின்றன. பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல் கிடந்தால் ஓட்டைகள் பெருகும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரே நொடியில் கொடுத்தால் சுவர் உடைந்து உள்ளே மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஓடும். திரவம் கொதிக்கும், உருளை வீங்கி வெடிக்கலாம். பெரியவர் சொன்ன ‘படுத்துக் கிடந்த மனிதன்’ கதை இதுதான்.

எங்கள் பெட்டியில் புகைந்தது வேறொரு மின்தேக்கி. சுவிட்சைத் தட்டும்போது எழும் தீப்பொறி ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று கேட்காமல் இருக்க, மின்கம்பிகள் இரண்டுக்கும் குறுக்கே காகித மின்தேக்கி ஒன்றை அந்தக் காலத்தில் வைத்திருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் மேலுறை காலப்போக்கில் மயிரிழை போல் வெடிக்கும். வெடிப்பின் வழியே நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போகும். ஒன்று காய்ந்ததால் கெட்டது, மற்றொன்று நனைந்ததால் கெட்டது! இந்த இடத்தில் கிடைத்ததை எல்லாம் போடக்கூடாது. சுவர் மின்சாரத்துக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே சோதிக்கப்பட்ட ‘எக்ஸ்2’ என்ற முத்திரையுள்ள, குறைந்தது 250 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு உரிய மின்தேக்கியை மட்டுமே பொருத்த வேண்டும்.

சிகரெட் தாள் சுற்றிய ஃபியூஸ்

பெரியவர் பெட்டிக்குள்ளிருந்து ஃபியூஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சின்னக் கண்ணாடிக் குழாய். அதைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள் அழகாகச் சுற்றப்பட்டிருந்தது.

“யாரு செஞ்சது?” என்றார்.

எனக்கு உடனே நினைவு வந்தது. ஒரு தீபாவளி இரவு. பெட்டி திடீரென்று நின்றுவிட்டது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அப்பா தன் சிகரெட் பெட்டியைக் கிழித்து ஏதோ செய்தார், பாட்டு வந்துவிட்டது. அன்று எங்கள் கண்ணுக்கு அவர் பெரிய இன்ஜினியர்.

அந்தத் தாள் என்ன செய்திருக்கிறது பாருங்கள். பெட்டி எடுக்கும் சக்தி சுமார் 20 வாட். 240 வோல்ட்டில் அது 0.08 ஆம்பியர்தான். பெட்டிக்குள் இருந்த ஃபியூஸ் கால் ஆம்பியரில் அறுந்துவிடும். தாளைச் சுற்றிய பிறகு அது வெறும் கம்பி. அடுத்த காவல் மூன்று முள் பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ். பெட்டிக்குள் ஏதோ பழுதாகிப் பத்து ஆம்பியர் ஓடினாலும் அது அறுந்துபோகாது. பத்து ஆம்பியர் என்றால் 2,400 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல.

வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும். மனித உடல் வழியாகவோ தரை வழியாகவோ கசிந்தால் விழும். எங்கள் பெட்டியில் புகைந்த மின்தேக்கி இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் இருந்தது. போனது முழுவதும் திரும்பி வந்துவிட்டது; ஆர்சிசிபி கண்ணுக்கு எல்லாம் சரி. அதன் பக்கத்தில் இருக்கும் மற்ற சுவிட்சுகளோ இன்னும் பெரிய மின்னோட்டத்துக்குக் காத்திருப்பவை. பெட்டிக்குள் தீப்பிடிப்பதைத் தடுக்க நினைத்தால் பெட்டிக்குள் சரியான ஃபியூஸ் இருக்க வேண்டும். பழைய பிளேயருக்குப் பிளக்கிலும் 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது நல்லது.

குண்டு பல்பு என்னும் வைத்தியர்

கெட்ட பாகங்களை மாற்றிய பிறகும் பெரியவர் பெட்டியை நேராகச் சுவரில் சொருகவில்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்று மாட்டிய பலகையை எடுத்தார். மின்சாரம் முதலில் அந்தப் பல்பு வழியாகச் சென்று, பிறகு பெட்டிக்குள் போகும்படி தொடராக இணைத்தார். “இதுதான் எங்க டாக்டரு” என்று சிரித்தார்.

இது எளிமையான, ஆனால் அருமையான இயற்பியல். பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. வெள்ளையாக ஒளிரும்போது தடை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். பெட்டி நலமாக இருந்தால் சிறிதளவு மின்னோட்டம்தான் ஓடும். பல்பு ஒரு நொடி மினுங்கி மங்கிவிடும். மின்சாரத்தில் பெரும்பகுதி பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டிக்குள் எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் ஓடக்கூடியது கால் ஆம்பியர் மட்டுமே. புகைய வேண்டிய பாகம் புகையாது; அதற்குப் பதில் பல்பு ஒளிரும். எல்இடி பல்பு இந்த வேலையைச் செய்யாது. இழையுள்ள பழைய பல்புதான் வேண்டும்.

எங்கள் பெட்டியில் பல்பு பளிச்சென்று மின்னி, மெல்ல மங்கியது. பெரியவர் பெட்டியை அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவைத்தார். இடையிடையே டிரான்ஸ்ஃபார்மரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்தார். அதன் பிறகுதான் நேரடி மின்சாரம்.

புதிய மின்தேக்கி வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும் என்றார். தாங்கும் வோல்ட் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெப்ப அளவு 105 டிகிரி என்று போட்டிருப்பதை வாங்கினால் நம் ஊருக்கு ஏற்றது. கொள்ளளவைக் கண்டபடி கூட்டக்கூடாது. பெரிய தொட்டியை முதல்முறை நிரப்பும்போது டையோடுகளின் மேல் விழும் சுமையும் பெரிது. கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் பொருத்திவிட்டால் மின்தேக்கி வெடிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். எல்லாப் பாகங்களுக்கும் சேர்த்து ஆன செலவு ஒருவேளை சாப்பாட்டுக் காசைவிட அதிகமில்லை.

எந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்த பெட்டி?

பழைய பெட்டிகளின் பின்புறத்தில் 110, 127, 220, 240 என்று திருகும் ஒரு குமிழ் இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. மலேசியாவின் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் பல பத்தாண்டுகள் 240 வோல்ட்டாக இருந்து, 2008-இல் 230 வோல்ட்டாக மாற்றப்பட்டது. ஆனால் அனுமதிக்கப்பட்ட எல்லை 253 வோல்ட் வரை போகிறது. பல வீடுகளில் இன்னும் 240-ஐ ஒட்டித்தான் வருகிறது. எங்கள் பெட்டி 220-இல் நின்றிருந்தது. 220-க்குச் செய்ததை 240-இல் ஓட்டினால் மின்னழுத்தம் 9 விழுக்காடு கூடுதல். வெப்பமோ ஏறக்குறைய 19 விழுக்காடு கூடுதல். குமிழை 240-க்குத் திருப்புவதற்குச் செலவே இல்லை.

இப்போது ஜப்பானியப் பழைய பொருள் கடைகளில் அழகான பிளேயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இளைஞர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதை நம் சுவரில் சொருகினால் மின்னழுத்தம் 2.4 மடங்கு, வெப்பம் 5.76 மடங்கு. ஒரே நொடியில் கதை முடிந்துவிடும். மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். பழைய மாறுதிசை மோட்டார்கள் தங்கள் வேகத்தை இந்த அலைவெண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. 60-க்குச் செய்த பெட்டி 50-இல் ஓடினால், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும். பி. சுசீலாவின் குரல் ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் மூன்று படி கீழே இறங்கிவிடும்! மோட்டாரின் கப்பியை மாற்றினால்தான் சரியாகும்.

வால்வு பொருத்திய 1950, 60-களின் பெட்டிகள் இன்னும் ஆபத்தானவை. விலையைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் செய்த பெட்டிகள் பல. அவற்றின் உலோக அடித்தளம் நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கின் கம்பிகள் மாறியிருந்தால் ஒரு திருகைத் தொட்டாலே 240 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வுப் பெட்டிகளில் மின்தேக்கியில் 300 வோல்ட் வரை சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டிக் காலி செய்வது ஆபத்தான பழக்கம். பத்தாயிரம் ஓம், பத்து வாட் மின்தடையம் ஒன்றை மின்காப்புள்ள கம்பியில் இணைத்துச் சில நொடிகள் தொடவைத்து, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி ஒழுகி, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பூப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போடுவதாக இருந்தால், எந்த முனை கூட்டல் என்பதைப் பார்க்காமல் சொருகாதீர்கள். அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பலவற்றில் உலோகத் தளம் கூட்டல் முனையோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர்.

நாமே செய்யலாமா?

தூசி துடைப்பது, பேட்டரி அறையைச் சுத்தம் செய்வது, பின்புறக் குமிழில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பது, பிளக்கில் என்ன ஃபியூஸ் இருக்கிறது என்று பார்ப்பது, கம்பியின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை யாரும் செய்யலாம். எல்லாமே பிளக்கைச் சொருகாமல் செய்யக்கூடியவை. மூடியைத் திறந்து 240 வோல்ட் ஓடும் பகுதியில் வேலை செய்வதை மட்டும் மின்சாரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இத்தகைய பெரியவர்கள் ஈப்போ, கம்பார், சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் பழைய கடை வரிசைகளில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். முக்கியமாக, “ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வருகிறேன்” என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு தடவைதான் டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கும். மின்தேக்கி எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த மாடலுக்கான டிரான்ஸ்ஃபார்மர் எங்கும் கிடைக்காது.

அம்மாவின் காது

பெட்டி வீட்டுக்கு வந்தது. அப்பாவின் நினைவு நாளன்று அம்மா தன் கையாலேயே ஊசியை வைத்தார். இரைச்சல் இல்லை. பாட்டு தெளிவாக எழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து, “கொஞ்சம் வேகமா ஓடுதேப்பா. அப்பா போடறப்போ இன்னும் மெதுவா, நின்னு பாடுமே” என்றார்.

எனக்குப் பகீரென்றது. மறுநாள் பெரியவருக்குப் போன் செய்தேன். கோடு போட்ட ஒரு வட்டத் தாளைக் கொடுத்து அனுப்பினார். வட்டத்தைச் சுற்றி 180 கோடுகள். பழைய குழல் விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. தட்டு சரியான வேகத்தில் சுற்றினால், ஒவ்வொரு மினுங்கலுக்கும் ஒரு கோடு அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்திருக்கும். கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கோடுகள் அப்படியே நின்றன. வேகம் மிகச் சரி.

அப்படியானால் அம்மாவின் காது தவறா? “தோட்டத்துல கரண்டு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார் பெரியவர். டீசல் இயந்திரம் என்றேன். “ஏழு மணிக்கு எல்லா லயத்துலயும் வெளக்கப் போட்டா மிசினு தெணறும் தம்பி. அம்பது இருக்க வேண்டியது நாப்பத்தெட்டுல ஓடியிருக்கும்.”

தீபகற்பம் முழுவதும் இன்று ஒரே வலையில் இணைந்த மின்நிலையங்கள் ஒன்றாகச் சேர்ந்து 50 ஹெர்ட்ஸைக் காக்கின்றன. தோட்டத்து இயந்திரத்துக்குத் துணை யாரும் இல்லை. சுமை ஏறினால் அதன் சுற்று குறையும், அலைவெண் குறையும், எங்கள் வீட்டுத் தட்டின் வேகமும் குறையும். 48 என்றால் 4 விழுக்காடு குறைவு. அரை ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் கூடுதலான இறக்கம். நல்ல காதுக்கு அது தெரியும். இரவு பத்து மணிக்கு இயந்திரத்தை நிறுத்தும்போது பாடகரின் குரல் இழுபட்டு, ஆழ்ந்து, அடங்கிப் போனதைச் சிறுவர்களாக நாங்கள் கேட்டுச் சிரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ நாங்க கேட்டது மிசினோட பாட்டா?” என்று சிரித்தார். பிறகு அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தார். வெள்ளித் தாள் சுற்றிய அந்த ஃபியூஸை மட்டும் நான் தூக்கி எறியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் வைத்திருக்கிறேன்.